கதிர்ச் சிகிச்சையும் கழுத்துத் தமனியும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



சென்ற திங்கள் நம் செயலாளரவர்கள் என்னை அழைத்து, அடுத்த கூட்டத்தில் யான் பேசுதல் வேண்டும் என்று பணித்தார்கள். இலக்கியத்தில் ஏதேனும் ஒரு பகுதியையே எடுத்துக்கொள்வேன் என்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யான் பொருளின் பெயரை எழுதி அனுப்பியபோது, "பண்டிதரே, இது மருத்துவர் பேசவேண்டிய பொருளாயிற்றே!" என்று வியந்தார்கள். அவ்வியப்பு நியாயமே. இவ்வவையில் மருத்துவர் இருவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் முன்னிலையில் யான் இதனைப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதனையே ஒக்கும்.

ஆயினும் பேசத் துணிந்தேன். மருத்துவம் கற்றவன் என்னும் செருக்கால் அன்று. இதனை உரிய காலத்தில் அறியாமையால் என் இல்லத்தில் ஓர் இழப்பு நேர்ந்தது. அவ்விழப்பு உங்களுள் ஒருவர் இல்லத்திலும் நேராதிருத்தல் வேண்டும் என்னும் கவலையால். யான் கூறுவனவற்றுள் பிழையிருப்பின், மருத்துவ அன்பர்கள் இறுதியில் எழுந்து திருத்துவார்களாக.

என் தமையனார் எனக்குப் பன்னிரண்டு ஆண்டு மூத்தவர். எங்கள் தந்தையார் இளமையிலேயே மறைந்தமையால் என்னைப் படிக்கவைத்தவர் அவரே. தானிய மண்டி நடத்திவந்தார். வெற்றிலையோடு புகையிலை சேர்த்து மெல்லும் பழக்கம் இளமை முதலே அவர்க்கு உண்டு. 2009-ஆம் ஆண்டு அவர்க்கு 43 வயதாயிருக்கையில், விழுங்குங்கால் நோவு தோன்றிற்று. கழுத்தின் இடப்புறத்தே நெல்லிக்காயளவு கட்டியொன்றும் எழுந்தது. ஆராய்ந்த மருத்துவர்கள், நாவின் அடியில் புற்றுநோய் தோன்றிக் கழுத்துக்குப் பரவியுள்ளது என்றார்கள். வாரத்துக்கு ஐந்து நாளாக ஏழு வாரம், 35 முறை கதிர்ச் சிகிச்சை செய்தார்கள். இடையிடையே ஊசி மருந்தும் ஏற்றினார்கள். வாய் புண்ணாயிற்று, நாச்சுவை அகன்றது, கழுத்துத் தோல் கருகி உரிந்தது. எல்லாவற்றையும் பொறுத்தார். நோய் நீங்கிற்று. ஐந்தாண்டு கழிந்தபின், "இனி அஞ்சவேண்டுவதில்லை" என்று மருத்துவர் கூறிய நாளில் எங்கள் வீட்டில் பாயசம் வைத்து உண்டோம். அன்றே சிகிச்சைத் தாள்களையெல்லாம் ஒரு துணியிற் கட்டிப் பரண்மேல் எறிந்தவன் யானே. அந்தக் கணக்கு முடிந்துவிட்டது என்று கருதினேன். அது முடியாத கணக்கு என்பதனைப் பின்னர் அறிந்தேன். அக்கணக்கின் எஞ்சிய பகுதியே இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள்.

முதற்கண், தமையனார் உயிரைக் காத்த அக்கதிருக்கு நன்றி கூறுவோம். 1895-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் செருமானிய நாட்டு வூர்ட்ஸ்பர்க் நகரத்து ஆசிரியர் ரான்ட்கென், கண்ணுக்குப் புலனாகாத ஒருவகைக் கதிர் தசையை ஊடுருவி எலும்பைக் காட்டுதலைக் கண்டார். 1898-இல் கியூரி தம்பதிகள் ரேடியத்தைக் கண்டறிந்தார்கள். இவ்விரண்டும் உயிரணுக்களை அழிக்கும் ஆற்றலுடையன என்பது தெரிந்தவுடன், மருத்துவர்கள் அவ்வாற்றலைப் புற்றுநோயின்மீது ஏவினார்கள். 1951-இல் கனடா நாட்டில் கோபால்ட் கதிர்ப்பொறி முதன்முதல் நோயாளிகளுக்குப் பயன்படுத்தப்பட்டது; உடலின் ஆழத்திலுள்ள கட்டியையும் மேல்தோலை மிகவும் எரிக்காமல் தாக்குதற்கு அதனால் வழி பிறந்தது. நம் நாட்டிலோ, தம் தங்கையாரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் இடையறாத முயற்சியால் 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கிற்று. வாயிலும் தொண்டையிலும் தோன்றும் புற்று நம் நாட்டில் மிகுதி. அதற்குப் புகையிலையே தலையாய காரணம். எனவே, கழுத்தில் கதிர் பெற்று உயிர் பிழைத்தவர் நம்மிடையே பலர். இச்சங்கத்தின் உறுப்பினர் குடும்பங்களிலும் சிலர் இருத்தல் எனக்குத் தெரியும்.

கதிரின் அளவைக் 'கிரே' என்னும் அலகால் குறிப்பர். தலை, கழுத்துப் புற்றுக்குப் பெரும்பாலும் 60 முதல் 70 கிரே வரை தருவர். ஒரே நாளில் அவ்வளவையும் தந்தால் உடல் தாங்காது. ஆதலின் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கிரேயாகப் பகுத்து ஆறேழு வாரம் தருவர். பயிரின் நடுவே முளைத்த களையை அழிக்க மருந்து தெளிக்குங்கால் அருகிலுள்ள பயிரும் சிறிது வாடுமன்றோ? வாடிய பயிர் தலையெடுத்தற்கு இடைவெளி விட்டு விட்டுத் தெளிப்பது போல்வது இது. பயிர் தலையெடுக்கின்றது. ஆனால் நிலத்தில் ஒரு மாறுதல் தங்கிவிடுகின்றது.

அம்மாறுதல் தங்கும் இடங்களுள் முதன்மையான ஒன்றைக் கூறுகின்றேன். உங்கள் குரல்வளையின் பக்கத்தே விரலை மெல்ல வைத்துப் பாருங்கள். ஒரு துடிப்புத் தோன்றும். அதுவே கழுத்துத் தமனி. மேனாட்டார் அதனைக் கரோடிட் என்பர். அச்சொல், மயக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லொன்றின் வழியே வந்தது. அக்குழாயை அழுத்தினால் மயக்கம் வரும் என்று பண்டையோர் கண்டமையின் அப்பெயர் இட்டனர். பெயரிலேயே அக்குழாயின் அருமை அடங்கியிருத்தலைக் காண்க.

வலத்தே ஒன்றும் இடத்தே ஒன்றுமாக இக்குழாய்கள் மார்பிலிருந்து மேலேறுகின்றன. குரல்வளையின் மேல்விளிம்பளவில் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை முகத்துக்கும் தலையின் புறத்துக்கும் செல்லும். மற்றொன்று மண்டையோட்டினுள் புகுந்து மூளைக்கும் கண்ணுக்கும் இரத்தம் தரும். மூளையோ உடலின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கேயாயினும், நாம் கொள்ளும் பிராணவாயுவில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கைத் தானே செலவிடுகின்றது. சில நிமிடம் இரத்தம் நின்றாலும் அதன் பகுதிகள் மாளத் தொடங்கும். கழுத்தில் புற்று பரவும் நிணக்கணுக்கள் இத்தமனியை ஒட்டியே வரிசையாக அமைந்துள்ளன. எனவே அவற்றை நோக்கி விடும் கதிர் தமனியின்மீதும் படாமல் இராது. இக்காலத்துப் பொறிகள் கதிரை வேண்டிய உருவத்திற் செதுக்கி உமிழ்நீர்ச் சுரப்பி முதலியவற்றைப் பெரிதும் காக்கின்றன. ஆயினும் நிணக்கணுக்களைத் தாக்கிக்கொண்டே அவற்றை ஒட்டிய தமனியை முற்றும் விலக்குதல் எளிதன்று.

கதிர் பட்ட தமனியில் நிகழ்வது யாதோ எனின், கூறுவேன். தமனியின் சுவர் மூன்று படலங்களால் ஆயது. இரத்தத்தை அடுத்துள்ள அகப்படலம் கண்ணாடிபோல் வழுவழுப்பானது. இரத்தம் உறையாமலும் கொழுப்பு ஒட்டாமலும் காப்பது அதன் தொழில். நடுப்படலம் தசையும் மீள்சக்தியுடைய நாரும் கொண்டது. புறப்படலத்தில், அக்குழாயின் சுவருக்கே உணவூட்டும் நுண்குழாய்கள் ஓடுகின்றன. கதிர் முதலில் அகப்படலத்தின் உயிரணுக்களைப் புண்படுத்துகின்றது, நுண்குழாய்களையும் அடைக்கின்றது. அகப்படலம் வழுவழுப்பை இழக்கின்றது. சுவரில் அழற்சி நிலைகொள்கின்றது. மீள்சக்தியுள்ள நார் இருந்த இடத்தில் விறைத்த வடு வளர்கின்றது. அவ்வடுவின்மேல் கொழுப்பும் சுண்ணமும் படிகின்றன. குழாய் உட்புறம் சிறுத்துக்கொண்டே வருகின்றது.

முதுமையினாலும் சர்க்கரை நோயாலும் பிறர்க்கு வரும் தமனிக் குறுக்கம் இதனோடு ஒருபுடை ஒத்ததாயினும், ஒரு வேறுபாடு உண்டு. அவர்களுக்குக் குறுக்கம் பெரும்பாலும் குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில், மதகடியில் வண்டல் சேர்வது போல, சிறிய இடத்தில் சேரும். கதிரால் வருவதோ, கதிர் பட்ட நீளமெல்லாம் வாய்க்காலின் இரு கரையும் உள்ளே சரிந்தாற்போல நீண்டு செல்லும். பிரியுமிடத்துக்குக் கீழேயுள்ள பொதுக்குழாயையும் பற்றும்.

இஃது ஒரு திங்களிலோ ஓராண்டிலோ வெளிப்படுவதன்று. இதனை நன்கு மனத்திற் கொள்ளுதல் வேண்டும். ஐந்தாண்டு, பத்தாண்டு, பதினைந்தாண்டு கழித்தும் வெளிப்படும். நெதர்லாந்து நாட்டு மருத்துவர்கள் 2002-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். அறுபது வயதுக்கு முன் கழுத்தில் கதிர் பெற்ற 367 பேரை அவர்கள் பல்லாண்டு தொடர்ந்து நோக்கினார்கள். அவ்வயதுடைய பொதுமக்களின் கணக்குப்படி அவர்களுள் இரண்டு அல்லது மூன்று பேர்க்கே பக்கவாதம் வந்திருத்தல் வேண்டும். வந்ததோ 14 பேர்க்கு. அஃதாவது ஐந்து மடங்குக்கு மேல். கதிர் பெற்றுப் பத்தாண்டு கடந்தவர்களை மட்டும் தனியே எண்ணியபோது அது பத்து மடங்காயிற்று. இவ்வெண்ணிக்கையை இருவகையாகவும் படித்தல் வேண்டும். 367 பேரில் 353 பேர்க்கு அந்நோய் வரவில்லை என்பது ஒன்று; ஆதலின் கதிர் பெற்றவர் எல்லாரும் நடுங்கவேண்டுவதில்லை. ஆண்டு ஏற ஏற அபாயமும் ஏறுகின்றது என்பது மற்றொன்று, ஆதலின் "பத்தாண்டு போயிற்று, இனி என்ன?" என்று சோம்பியிருத்தலும் ஆகாது.

ஒருவர் வினவலாம்: "குழாய் சிறுத்துக்கொண்டே வருமாயின் அவர்க்கே தெரியாதோ?" என்று. பெரும்பாலும் தெரியாது. ஆங்கிலேய மருத்துவர் தாமசு வில்லிஸ் என்பவர் 1664-இல் எழுதிய நூலில் மூளையின் அடியிலுள்ள தமனி வளையத்தை விளக்கினார். நான்கு குழாய்களின் இரத்தம் அவ்வளையத்தில் கூடுகின்றது. ஒரு குழாய் மெல்ல மெல்லச் சிறுத்தால், மற்றவை அதன் கடமையையும் சேர்த்துச் செய்கின்றன. கூட்டுக்குடும்பத்தில் ஒருவன் உழைப்புக் குறைந்தால் ஏனையோர் தாங்குவதுபோல. ஆதலின் நோவில்லை; தளர்ச்சியில்லை. ஆனால், கரடான அச்சுவரில் இரத்தம் உறைந்து சிறு கட்டியாகி, ஒருநாள் பெயர்ந்து, ஓட்டத்தோடு மேலேறி மூளையின் நுண்குழாயில் சென்று அடைத்துவிட்டால், அப்பொழுதே எல்லாம் வெளிப்படுகின்றது. அதுவே பக்கவாதம், நம்மவர் பாரிசவாயு என்பதும் அதனையே.

சிலபோது அப்பேரிடிக்கு முன்னே ஒரு சிற்றொலி கேட்கும். பெயர்ந்த துகள் மிகச் சிறிதாயின் சில நிமிடத்தில் கரைந்துவிடும். அந்நிமிடங்களில் ஒரு கண் திரைபோட்டாற்போல் இருளும்; அல்லது ஒரு கை தளரும்; அல்லது நா குழறும்; பின்பு எல்லாம் சரியாகிவிடும். கழுத்துத் தமனியின் அடைப்புக்கும் இவ்வாறு ஒரு கண் சிறிது நேரம் இருளுதற்கும் உள்ள தொடர்பை மில்லர் பிஷர் என்னும் மருத்துவர் விரிவாக எழுதினார். அவரும் கனடா நாட்டினரே. அவர் எழுதிய ஆண்டும் கோபால்ட் பொறி பயன்பாட்டுக்கு வந்த அதே 1951. ஒரு நாட்டில் ஓராண்டிலே மருந்தும் வந்தது. அம்மருந்தின் பின்விளைவைக் கண்டுகொள்ளும் குறியும் வந்தது. அவ்விரண்டையும் ஒருங்கே அறியும் பேறு 2022-இல் எனக்கு இல்லாது போயிற்று.

அவ்வாண்டு மே மாதத்தில் ஒருநாட் காலை, தமையனார் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர், "தம்பி, இடக்கண்ணில் மேலிருந்து திரை இறங்கினாற்போல் இருக்கிறதே" என்றார். நான்கைந்து நிமிடத்தில் திரை விலகிற்று. பித்தம் என்றார் அண்ணியார். கண்ணாடி மாற்றவேண்டும் என்றேன் யான். கண் மருத்துவரிடம் சென்றோம். அவர் பொறுமையாகப் பார்த்து, "முன்பு கடுநோய் ஏதேனும் வந்ததுண்டோ?" என்று வினவினார். தமையனார், "ஒன்றுமில்லை" என்றார். பதின்மூன்றாண்டுக்கு முன் நீங்கிய நோய் அவர்க்கு நோயாகவே தோன்றவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கும் அது நினைவில் எழவில்லை. கண் மருத்துவர், "கண்ணில் குற்றமில்லை. ஆயினும் இதனை விட்டுவிடாதீர்கள், இன்றே பொது மருத்துவரைப் பாருங்கள்" என்று அனுப்பினார். எனக்கோ அரசுத் தேர்வு மேற்பார்வைப் பணி. "தேர்வு முடியட்டும் அண்ணா, அடுத்த வாரம் போவோம்" என்றேன். அவரும் இசைந்தார்.

ஒன்பதாம் நாள் காலையில் அவர் வலக்கையும் வலக்காலும் விழுந்தன, பேச்சு நின்றது. இடக்கண் இருண்டது; வலப்பக்கம் விழுந்தது. மூளையின் இடப்பாதி உடலின் வலப்பக்கத்தையும், பெரும்பாலோர்க்கு மொழியையும் ஆள்வது. அதற்கும் இடக்கண்ணுக்கும் இரத்தம் தருவது இடக்கழுத்துத் தமனி ஒன்றே. இரண்டு குறியும் ஒரே குழாயைச் சுட்டின. இதனை அவசர சிகிச்சை மருத்துவர் என்னிடம் விளக்கியபோது, ஒரு சூத்திரத்தைப் பொருள் விளங்காமல் பல்லாண்டு மனப்பாடம் செய்தவனுக்குத் திடீரென்று உரை கிடைத்தாற்போல இருந்தது. ஆனால் அவ்வுரை காலம் கடந்து கிடைத்தது. அவர், "கழுத்தில் கதிர் வைத்ததுண்டோ? எவ்வளவு? எப்போது?" என்று கேட்டார். பரணில் தேடினேன், துணிமூட்டையைச் செல் அரித்திருந்தது.

தமையனார் பிழைத்தார். இடத்தமனி நான்கு விரற்கடை நீளம் சிறுத்து, ஓரிடத்தில் நூலளவே வழி இருந்ததாம். சில நாள் கழித்து அதனுள் ஸ்டென்ட் என்னும் வலைக்குழாயை வைத்தார்கள். இன்று கோலூன்றி நடக்கின்றார். பேச்சுமட்டும் முழுவதும் மீளவில்லை. முதல் மூன்று திங்கள் 'தண்ணீர்' என்னும் சொல் அவர்க்கு வராது, குவளையைக் காட்டுவார். ஆனால் பதினாறாம் வாய்பாட்டை யான் தொடங்கிவைத்தால் இறுதிவரை பிழையின்றிச் சொல்லி முடிப்பார். சிறுவயதில் நெஞ்சில் ஊறியவை மூளையின் வேறிடத்தில் தங்கும் என்று பேச்சுப் பயிற்சி தருபவர் கூறினார். எனக்கு எழுத்தறிவித்தவர்க்கு யான் மாலைதோறும் பட அட்டைகளை வைத்துப் பெயர்ச்சொல் கற்பிக்கின்றேன். இருபத்திரண்டு ஆண்டு ஆசிரியத் தொழிலில் இவ்வளவு கடினமான பாடத்தை யான் நடத்தியதில்லை.

அன்பர்களே! இனிச் செய்யத்தக்கது யாது என்று காண்போம்.

இந்நோயை முன்கூட்டிக் கண்டறிதல் கூடும். மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் வைத்துக் கேட்டால், சிறுத்த குழாயில் இரத்தம் பாயும் இரைச்சல் சிலபோது கேட்கும். ஆயினும் இரைச்சல் கேளாமையால் குறுக்கம் இல்லை என்று துணிதலாகாது. அதனினும் தெளிவானது டாப்ளர் ஸ்கேன். ஆஸ்திரிய நாட்டு டாப்ளர் என்பவர் 1842-இல் ஓர் ஒலிநுட்பத்தை வெளியிட்டார். நம்மை நோக்கி வரும் புகைவண்டியின் ஊதொலி உயர்ந்தும் அகலும் வண்டியின் ஒலி தாழ்ந்தும் கேட்பது அதனாலேயே. அந்நுட்பங்கொண்டு குழாயில் இரத்தம் ஓடும் வேகத்தை அளக்கின்றார்கள். சிறுத்த இடத்தில் வேகம் மிகும். ஊசியில்லை, நோவில்லை, கதிருமில்லை. அரைமணி நேரத்தில் முடியும். கதிர் பெற்றவர் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை இதனைச் செய்துகொள்ள வேண்டும் என்பதற்கு மருத்துவ உலகம் முழுவதும் ஒப்பிய விதி இன்னும் ஏற்படவில்லை. எனவே அவரவர் தம் மருத்துவரையே நேரிற் கேட்டல் வேண்டும். அவர் தாமே கூறுவார் என்று காத்திருத்தலாகாது.

குறுக்கம் காணப்பட்டால் எல்லார்க்கும் கத்தி வைப்பதில்லை. இரத்தம் கட்டாதிருக்க மருந்தும், கொழுப்பைக் குறைக்க மருந்தும் தருவர். அவற்றைத் தாமே கடையில் வாங்கி உண்ணுதல் தகாது. இரத்தக்கசிவு உள்ளவர்க்கு அது கேடாய் முடியும். அறிகுறி தோன்றி, குறுக்கமும் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டால், குழாயைத் திறந்து அடைப்பை வழித்தெடுக்கும் அறுவை உண்டு. 1991-இல் வட அமெரிக்காவில் வெளியான பெரிய ஆராய்ச்சி ஒன்றில், அத்தகையோருள் மருந்து மட்டும் பெற்றவர் நூற்றுக்கு 26 பேர்க்கு இரண்டாண்டுக்குள் அப்பக்கத்தே பக்கவாதம் வந்தது. அறுவையும் பெற்றவரில் 9 பேர்க்கே வந்தது. அவ்வாராய்ச்சி பொதுவான குறுக்கத்தைப் பற்றியது. கதிர் பட்ட கழுத்தோ விறைத்து வடுவேறிக் கிடப்பது. அங்கே கத்தி வைத்தால் அருகிலுள்ள நரம்புகள் ஊறுபட இடம் மிகுதி. வலைக்குழாய் வைத்தால் அத்தொல்லை குறைவு. ஆனால் நாளடைவில் மீண்டும் சிறுத்தல் மிகுதி. எது தக்கது என்பதனை வல்லாரே ஆய்ந்து துணிவர்.

இவ்வளவையும் கேட்டு, "ஆயின் கதிர்ச் சிகிச்சையே வேண்டாம், நாட்டு மருந்தே போதும்" என்று ஒருவரேனும் எண்ணி எழுந்து செல்வாராயின், யான் இன்று பேசியது பெருங்கேடாய் முடியும். அவ்வாறு எண்ணற்க! 2009-இல் அக்கதிர் இல்லையேல் என் தமையனார் அடுத்த பொங்கலைக் கண்டிரார். கதிர் அவர்க்குப் பதின்மூன்று நல்லாண்டுகளைத் தந்தது, இரண்டு மகளிர்க்கு மணம் முடித்தார், மண்டியைப் பெருக்கினார். தவறு கதிரில் இல்லை. அதன்பின் காவல் வைக்காத எங்களிடமே இருந்தது. வெள்ளத்தைத் தடுத்த அணையை ஆண்டுதோறும் பார்வையிடாமல் விட்டுவிட்டு, அணையைப் பழிப்பார் உண்டோ?

ஆதலின், கழுத்திலோ முகத்திலோ கதிர் பெற்றவர்களுக்கும் அவர்தம் சுற்றத்தார்க்கும் ஐந்து வேண்டுகோளை முன்வைக்கின்றேன்.

முதலாவது: சிகிச்சைத் தாள்களைக் கண்போற் காப்பாற்றுங்கள். எந்த ஆண்டு, எந்தப் பக்கம், எத்தனை கிரே என்பனவற்றை ஒரு சிறு அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருங்கள். படமெடுத்துக் கைப்பேசியிலும் வைக்கலாம்.

இரண்டாவது: பல் மருத்துவராயினும், கண் மருத்துவராயினும், காய்ச்சலுக்குப் பார்ப்பவராயினும், "எனக்குக் கழுத்தில் கதிர் வைத்திருக்கிறது" என்பதனை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். நோய் நீங்கிற்று என்பது வேறு. கதிர் பட்டது என்பது வேறு. முன்னது முடிந்த செய்தி. பின்னது உயிருள்ளவரை தொடரும் செய்தி.

மூன்றாவது: புகையிலையை எவ்வடிவிலும் தீண்டாதீர்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகிய மூன்றையும் காலந்தோறும் அளந்து அடக்கிவையுங்கள். இரத்த அழுத்தத்தை உணர்ந்து சீர்செய்யும் உறுப்பொன்று அத்தமனி பிரியுமிடத்திலேயே உள்ளது. கதிரால் அது பழுதுபட்டால் அழுத்தம் ஏறியும் இறங்கியும் அலையும். கழுத்தின் முன்னுள்ள தைராய்டுச் சுரப்பியும் கதிரால் மந்தப்படுதல் உண்டு; மந்தப்பட்டால் இரத்தத்தில் கொழுப்பு மிகும். ஆதலின் அதற்கும் சோதனை வேண்டும்.

நான்காவது: டாப்ளர் ஸ்கேன் எப்போது செய்யவேண்டும் என்று மருத்துவரைக் கேளுங்கள்.

ஐந்தாவது: ஒரு கண் இருளுதல், வாய் கோணுதல், கை தளருதல், சொல் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், அது தானே நீங்கிவிட்டாலும், அன்றே, அந்த மணியிலேயே பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள், 108-ஐ அழையுங்கள். உறைந்த கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பெரும்பாலும் நான்கரை மணி நேரத்துக்குள்ளே ஏற்றுதல் வேண்டும். நீங்கிப்போன அறிகுறிக்குப் பின் அடுத்த சில நாட்களே மிகவும் அபாயமானவை. தேர்வு முடியட்டும், திருமணம் முடியட்டும், அறுவடை முடியட்டும் என்று சொல்லாதீர்கள். அவ்வாறு சொன்னவன் உங்கள்முன் நிற்கின்றேன்.

நம் சங்கத்தார்க்கும் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் நாம் நடத்தும் மருத்துவ முகாமில் கண்ணையும் சர்க்கரையையும் சோதிக்கின்றோம். வரும் முகாமில், "கழுத்தில் கதிர் பெற்றதுண்டோ?" என்னும் ஒரு கேள்வியையும் பதிவுத் தாளிற் சேர்த்தல் வேண்டும். உண்டு என்பார்க்கு மேற்கூறிய அட்டையொன்றை எழுதிக் கொடுக்க யானும் என் மாணவர் சிலரும் ஆயத்தமாயிருக்கின்றோம். அதற்கு ஆகும் செலவு காகிதமும் மையுமே.

நேற்று மாலை தமையனாரிடம் இன்று பேசப்போவதைச் சொன்னேன். சிறிது நேரம் எண்ணி, சொல்லைத் தேடி, "தம்பி... கண்... சொல்லு" என்றார். கண் இருண்ட அச்செய்தியை மறவாமல் சொல்லவேண்டும் என்பதே அவர் கருத்து. சொல்லிவிட்டேன்.